குற்றச் செய்தியிலிருந்து புத்தகத்துக்கு: ஒரு முன்னாள் நிருபரின் கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஒரு நாளிதழுக்கு 19 ஆண்டுகள் குற்றச் செய்தி எழுதினேன். வேலையை விட்ட பிறகு, இந்த மாவட்டத்தின் பழைய வழக்குகளைப் புத்தகங்களாக எழுதிவருகிறேன். வாசகர் வட்ட நண்பர்கள் கேள்விகளைத் திரட்டித் தந்தார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

குலசேகரம், கல்லூரி மாணவி: நிருபர் வேலையை விட்டுப் புத்தகம் எழுதத் தோன்றியது எப்படி?

ஒரு புகைப்படத்தால், தங்கை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரணியல் பக்கம் ஓர் இளம்பெண் கிணற்றில் இறந்து கிடந்தாள். அலுவலகத்தில் படம் கேட்டார்கள். அவள் அம்மாவிடம் போய் நின்றேன். அழுதுகொண்டே உள்ளே போய்த் திருமண ஆல்பத்தை எடுத்துவந்தார். கறுப்புத் தாள் ஆல்பம். ஒவ்வொரு படத்தின் நான்கு மூலையையும் சின்னக் காகித முக்கோணங்கள் பிடித்திருக்கும். படத்தைக் கழற்ற அந்த அம்மாவுக்குக் கை வரவில்லை. நான்தான் கழற்றினேன். "நாளைக்கே தந்துவிடுகிறேன்" என்றேன். உறையில் போட்டு, பஸ் டிரைவரிடம் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பினோம். அந்தப் படம் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் எட்டு வரிச் செய்தி வந்தது. "குடும்பத் தகராறில் இளம்பெண் தற்கொலை" என்று தலைப்பு. காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். சில ஆண்டுகள் கழித்து, அது கொலை என்று செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிக் கணவனுக்குத் தண்டனை கொடுத்தது. அதை எங்கள் தாளில் யாரும் எழுதவில்லை. அன்று நான் ஆரல்வாய்மொழியில் ஒரு லாரி விபத்துக்குப் போயிருந்தேன்.

தீர்ப்பு நகலைப் படித்துவிட்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். "ஊரில் இன்னும் தற்கொலை என்றுதான் சொல்கிறார்கள். பேப்பரில் வந்ததே என்கிறார்கள்" என்றார். ஆல்பத்தைத் திறந்து காட்டினார். அந்தப் பக்கத்தில் நான்கு முக்கோணங்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே தாள் மங்காமல் கன்னங்கரேலென்று இருந்தது. வேறு படம் எதையும் அவர் அங்கே ஒட்டவில்லை. என் முதல் புத்தகம் அந்த வழக்கைப் பற்றியது.

தக்கலை, ஆசிரியர்: ஒரு பழைய வழக்கை எழுத வேண்டும் என்றால் எந்த ஆவணத்திலிருந்து தொடங்க வேண்டும்?

தீர்ப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். பலரும் முதல் தகவல் அறிக்கையில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கே, எப்போது, யார் புகார் கொடுத்தார்கள் என்பதற்கு மேல் அதை நம்பாதீர்கள். பாதி நேரம், புகார் கொடுத்தவர் சொன்னதை ஏட்டு தன் நடையில் எழுதியது அது. 2016-ல் உச்ச நீதிமன்றம், நுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. எளிதாகக் கிடைப்பதால் அதையே முழு உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து பிரேத விசாரணை அறிக்கை. பழைய வழக்குகளில் 174 என்பார்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 194. பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலைப் பார்த்து எழுதுவது. இதையும் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போலீஸார் மூன்று காயம் எழுதியிருப்பார்கள், மருத்துவர் ஐந்து எழுதியிருப்பார். விட்டுப்போன இரண்டு காயங்களைப் பற்றித்தான் குறுக்கு விசாரணையில் நாள் முழுக்கக் கேள்வி கேட்டிருப்பார்கள். என் இரண்டாவது புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களும் அப்படி ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிடைத்தன.

பிறகு மகஜர்கள் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருட்களையும் பற்றிச் சாட்சிகள் முன்னிலையில் எழுதுபவை), குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள். முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிப் பேசிப் பிறழ் சாட்சி ஆனவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் படித்த பிறகே சம்பவம் நடந்த ஊருக்குப் போங்கள். முன்னதாகவே போனால் ஊர்ப்பேச்சு மனதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆவணம் சொல்வது கண்ணில் படாது.

மார்த்தாண்டம்: குற்றவாளி போலீஸாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட வாக்குமூலம் எனக்குக் கிடைத்திருக்கிறது. புத்தகத்தில் சேர்க்கலாமா?

"குற்றவாளி" என்று நீங்கள் சொல்லும்போதே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, புதியதில் 23. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் ஏற்கப்படும். "அருவாளை வாழைத்தோப்பில் ஒளித்துவைத்தேன்" என்ற வரி நிற்கும். "அதனால்தான் வெட்டினேன்" என்ற வரி நிற்காது. நிருபராக இருந்தபோது "போலீஸ் விசாரணையில் பரபரப்புத் தகவல்" என்று நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த நபர்களில் சிலர் பிறகு விடுதலையானார்கள். புத்தகத்தில் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

கொட்டாரம்: இந்தத் தொழிலில் வருமானம் உண்டா?

குடும்பம் நடத்த வேறு வருமானம் வேண்டும்.

குளச்சல்: குடும்பத்தாரின் அனுமதி இல்லாமல் ஒருவர் கதையை எழுதலாமா?

இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கே வழிகாட்டி. கொலை வழக்குகளில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடை செய்யப் பார்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை, அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் அனுமதியின்றிப் போனால் அந்தரங்க உரிமை மீறல். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது.

சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. நான் இன்னொன்றும் செய்வேன். இறந்தவரின் வீட்டுக்குப் போய், எழுதப்போகிறேன் என்று நேரில் சொல்வேன். கடைகளில் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.

சுசீந்திரம்: லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உண்மையில் கொலை செய்தது யார்? நம் ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது என்பதால் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி மட்டும் பதினொரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற இதழை நடத்தியவர். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும், நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. அன்றைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்ப வந்து, 1947-ல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. யார் கொன்றது என்பதற்கு ஆவணங்களில் விடை இல்லை. ஆவணத்தில் இல்லாததை நான் சொல்லமாட்டேன்.

ஒழுகினசேரி: கலைவாணர் பெயரை இந்த வழக்கோடு சேர்த்துப் பேசுவதே எங்கள் ஊருக்கு அவமானம். நீங்களும் அதைச் செய்யலாமா?

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பேசாமல் விட்டால் அந்தத் தண்டனைதான் நினைவில் நிற்கும், விடுதலை மறந்துபோகும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். விடுதலைத் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் நியாயம்.

வடசேரி, வழக்கறிஞர்: சாட்சியம் போதவில்லை என்றுதானே விடுதலை? அதனால் நிரபராதி என்று ஆகிவிடுமா?

உங்கள் தொழிலில் இருப்பவரே இப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி. நிரூபிக்கப்படவில்லை, ஆகவே நிரபராதி. நீதிமன்றத்தில் நீங்கள் தினமும் வாதாடுவது இதைத்தானே? "போதிய சாட்சியம் இல்லாததால்" என்று தலைப்பில் போட்டு, விடுதலையான மனிதர்களைப் பாதிக் குற்றவாளியாகவே ஊருக்குள் நடமாடவிட்ட செய்திகள் ஏராளம். அதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இதில் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

பார்வதிபுரம்: எது எப்படியோ, லட்சுமிகாந்தன் போன்ற ஆள் செத்தது நல்லதுதானே?

இல்லை. அவர் எழுதியது கேவலம். எத்தனையோ குடும்பங்களைக் கலங்கவைத்தார். அதற்கு அவதூறு வழக்கு இருக்கிறது. அவரும் கொலையானவர்தான், கொன்றவர் யார் என்று இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. என்.எஸ்.கே.யின் பக்கம் நிற்பதற்காக அந்த மனிதனின் சாவைக் கொண்டாட வேண்டியதில்லை. இதே கருத்தில் வந்த மற்ற நான்கு கேள்விகளுக்கும் இதுவே பதில்.

திங்கள்நகர்: என் தம்பியின் நிலத்தகராறு வழக்கில் உதவ முடியுமா?

என்னால் முடியாது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள்.

களியக்காவிளை: எல்லையில் நடக்கும் குற்றங்களை எழுதுவதில் என்ன சிக்கல்?

நல்ல கேள்வி. நம் மாவட்டத்துக்கே உரியது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் உறவு எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. 2022-ல் பாறசாலை இளைஞர் ஒருவருக்குக் கஷாயத்தில் விஷம் கொடுக்கப்பட்டது தமிழ்நாட்டில், பளுகல் காவல் நிலைய எல்லையில். அவர் இறந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில். விசாரணை நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் நடந்தது. 2025 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், அதன் விளைவு ஏற்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது.

ஆகவே எழுதுபவருக்கு மலையாளம் படிக்கத் தெரிய வேண்டும். சாட்சி தமிழில் சொன்னது மலையாளத்தில் பதிவாகி, ஆங்கிலத் தீர்ப்புக்குப் போகும். மூன்று மொழியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வரியைக்கூட மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

அருமனை: போலீஸ் வாக்குமூலம் கைவசம் உள்ளது, பயன்படுத்தலாமா?

மார்த்தாண்டம் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கருங்கல்: வழக்குகளைப் பற்றிக் காணொளி போடுகிறேன். இறந்த சிறுமியின் பெயரையும் பள்ளியையும் சொன்னால்தான் ஆட்கள் பார்க்கிறார்கள்.

தம்பி, இன்றே அவற்றை நீக்குங்கள். குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் அப்படியே. ஊர் பெயரும் தெருவும் அப்பாவின் தொழிலும் சொன்னால் பெயரைச் சொன்னது போலத்தான். அந்த வீட்டில் தங்கையோ அக்காவோ இருப்பாள். நாளை அவளும் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

வெட்டூர்ணிமடம்: மிரட்டல் வந்ததுண்டா? பயமில்லையா?

வந்திருக்கிறது. மணல், ரேஷன் அரிசிக் கடத்தல் பற்றி எழுதியபோதுதான் வந்தது. கொலை வழக்குகளை எழுதியபோது அல்ல. மும்பையில் ஜோதிர்மய் டே என்ற மூத்த குற்றச் செய்தியாளர் 2011 ஜூனில் பவாய் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் நிருபராக இருந்து புத்தகம் எழுதியவர். பணம் புழங்கும் குற்றத்தைத் தொடும்போது தனியாகப் போகாதீர்கள்; எங்கே போகிறீர்கள் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோட்டார்: கடைசியாகக் கேட்கிறேன், லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்று உங்கள் மனதுக்குப் படுவதையாவது...

ஸ்டேஷன் ரைட்டர் மனதுக்குப் பட்டதை அப்படியே எழுதித்தான் ஒரு பெண்ணைத் தற்கொலை செய்தவளாக்கினேன். வேண்டாம்.

பூதப்பாண்டி: என் பெரியப்பா 1980களில் கொல்லப்பட்டார். வழக்கு எண்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்படித் தேடுவது?

காவல் நிலையத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் போதும். முதல் தகவல் அறிக்கைக்குக் காவல் நிலையம் தரும் குற்ற எண்ணைக் கண்டுபிடித்தால் அதன் வழியாகச் செஷன்ஸ் வழக்கு எண்ணுக்குப் போகலாம். மேல்முறையீடு நடந்திருந்தால் அந்தக் காலத்தில் சென்னைக்குத்தான் போயிருக்கும். மதுரைக் கிளை 2004-ல்தான் வந்தது. வழக்கில் தரப்பாக இல்லாதவர் சான்றிட்ட நகல் கேட்கும்போது காரணத்தைச் சொல்லி மனுப் போட வேண்டும். நீங்கள் குடும்பத்தார் என்பதை அதில் எழுதுங்கள். வழக்கு நடத்திய வக்கீலின் குமாஸ்தா உயிரோடு இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள். பழைய கட்டுகள் எங்கே கிடக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெரியம்மா இருக்கிறார்களா? இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். படம் ஏதாவது தந்தால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து செல்போனில் படமெடுத்துக்கொண்டு, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.