ஒற்றைக் கண்ணோடு 46 டெஸ்டுகள்: மன்சூர் அலி கான் பட்டோடி பற்றிய கேள்வி பதில்

இந்திய அணிக்கு 40 டெஸ்டுகளில் தலைமை தாங்கிய மன்சூர் அலி கான் பட்டோடியின் ஆட்டத்தையும் தலைமையையும் பற்றி அன்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளுடைய கேள்விகளைச் சேர்த்து விடையளிக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: 46 டெஸ்டுகள், 2,793 ரன்கள், 6 சதங்கள், சராசரி 34.91. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவரைப் பெரிய மட்டையாளர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்கு சரிதான். ஆனால் அந்த 46 டெஸ்டுகளையும் அவர் ஒரு கண் பார்வையோடுதான் ஆடினார் என்பதையும் அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். 1961 ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நிகழ்ந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில் பாய்ந்து அவருடைய வலக்கண் பார்வை பெரும்பாலும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 20. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணியின் தலைவர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, வின்செஸ்டர் பள்ளிக்காக ஒரே பருவத்தில் 1,068 ரன்கள் எடுத்து, டக்ளஸ் ஜார்டின் 1919இல் நிறுவியிருந்த பள்ளிச் சாதனையை முறியடித்தவர். தம்முடைய தந்தை இப்திகார் அலி கான், இங்கிலாந்து 1932-33இல் ஆஸ்திரேலியாவில் ஆடிய ‘பாடிலைன்’ தொடரில் யாருடைய தலைமையில் ஆடினாரோ, அதே ஜார்டினின் சாதனை! இரு கண்களும் நலமாக இருந்திருந்தால் சராசரி எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் எனக்கு விருப்பமில்லை. விபத்து நடந்த ஆறாம் மாதம் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார் என்பதே போதுமானது.

திருச்சி வாசகர்: ஒரு கண்ணால் வேகப்பந்தை எப்படித்தான் கணித்தார்?

கண்பார்வை ஒன்றானால் முதலில் கெடுவது தூரத்தை அளக்கும் திறன். கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றப்போனால் அது மேசையில் கொட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். ஹைதராபாத்தில் சுற்றுப்பயண இங்கிலாந்து அணிக்கு எதிரான ஆட்டத்தில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்கியபோது, ஆறேழு அங்குல இடைவெளியில் இரண்டு பந்துகள் வருவதாகத் தெரிந்ததாம். உட்புறமாக வருவதே உண்மையான பந்து என்று எடுத்துக்கொண்டு அவர் ஆடினார். தேநீர் இடைவேளைக்குப் பின் லென்ஸைக் கழற்றிவிட்டு, வலக்கண்ணை மூடியவாறே 70 ரன்கள் எடுத்தார். பிற்காலத்தில் தொப்பியின் விளிம்பை வலக்கண் மீது இறக்கி விட்டுக்கொள்வார். படங்களில் அது ஒயிலாகத் தெரிந்தாலும், அந்தக் கண்ணில் தெரியும் மங்கல் உருவத்தை மறைப்பதே அதன் நோக்கம்.

மதுரை வாசகர்: 21 வயதில் தலைமை கிடைத்தது எப்படி? பட்டோடி சமஸ்தானத்தின் நவாப் என்பதாலா?

அவர் துணைத்தலைவராக நியமிக்கப்பட்டதில் குடும்பப் பெருமைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைமை வந்தது ஒரு கொடிய நிகழ்வால். 1962 மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில், பார்படாஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித்தின் பந்து தலையில் தாக்கி, அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்தது. அவர் உயிர் பிழைக்க இரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் அணித்தலைவர் ஃபிராங்க் வோரலும் ஒருவர். மார்ச் 23 அன்று தொடங்கிய மூன்றாவது டெஸ்டில், 21 வயதும் 77 நாட்களும் நிரம்பிய பட்டோடி, தம்மைவிட மிக மூத்த பாலி உம்ரிகர் போன்றோர் அடங்கிய அணியை நடத்திச் சென்றார். மிக இளைய டெஸ்ட் தலைவர் என்ற அந்தச் சாதனை 2004இல் ஜிம்பாப்வேயின் டடெண்டா டைபு வரும்வரை நிலைத்தது.

சென்னையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: 40 டெஸ்டுகளில் 9 வெற்றி, 19 தோல்வி. இதையா சிறந்த தலைமை என்பது?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 19 தோல்விகளில் 9, மேற்கிந்தியத் தீவுகள் (1962), இங்கிலாந்து (1967), ஆஸ்திரேலியா (1967-68) ஆகிய மூன்று பயணங்களில் வந்தவை; அப்பயணங்களில் அவர் தலைமையில் ஆடிய ஒரு டெஸ்டைக்கூட இந்தியா டிரா செய்யவில்லை. 1963-64இல் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து டாஸ்களையும் வென்று, ஐந்து டெஸ்டுகளும் டிராவில் முடிந்த வேடிக்கையும் அவர் காலத்தில்தான் நடந்தது. ஆனால் தம்மிடம் எது உண்டு, எது இல்லை என்பதை அவரைப் போலத் தெளிவாக அறிந்த இந்தியத் தலைவர் அதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாட்டில் வேகப்பந்து வீச்சாளர் இல்லை. இல்லாததை நினைத்து ஏங்காமல், ஆடுகளம் எதுவாயினும் சுழலால் தாக்குவது என்று துணிந்தார். சுழற்பந்து வீச்சாளர்களான சந்திரசேகர், வெங்கட்ராகவன், பேடி ஆகிய மூவரும் அவருடைய தலைமையில் அறிமுகமானவர்கள். பிரசன்னா அவர் தலைமையில்தான் அணிக்குத் திரும்பி முழு உருவம் பெற்றார்.

1967 எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் நால்வரையும் ஒன்றாக இறக்கினார். நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் அதுவே. புதுப்பந்தை வீச ஆளில்லாமல் மட்டையாளர் புதி குந்தரனிடம் கொடுத்தார். “நீங்கள் என்ன பந்து வீசுவீர்கள்?” என்று பட்டோடி கேட்க, “எனக்கே தெரியாது” என்று அவர் சொன்னதாகக் கதை உண்டு. அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. ஆனால் அடுத்த ஆண்டே, நியூசிலாந்தின் டனடினில் இந்தியா தன் முதல் அயல்நாட்டு டெஸ்ட் வெற்றியைப் பெற்று, தொடரை 3-1 என்று கைப்பற்றியபோது, பிரசன்னா ஒருவரே 24 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1971 ஓவல் வெற்றியில் சந்திரசேகர் 38 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தபோது தலைவர் அஜித் வாடேகர்தான். ஆயினும் அந்தப் படையைத் திரட்டியவர் யார் என்பதை மறப்பது நியாயமாகாது.

எண்களில் அடங்காத இன்னொன்றும் உண்டு. மும்பைக்காரர், டெல்லிக்காரர் என்று பிரிந்து கிடந்த ஓய்வறையில், நாம் இந்தியாவுக்காக ஆடுகிறோம் என்ற உணர்வை ஊட்டியவர் அவரே என்று பேடி சொல்லியிருக்கிறார். 1969இல் கான்பூரில் தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் வெளியேறிய விஸ்வநாத்திடம், “கவலைப்படாதே, சதம் அடிப்பாய்” என்று பட்டோடி சொன்னாராம். விஸ்வநாத் அடுத்த இன்னிங்ஸில் 137 எடுத்தார்.

சேலம் வாசகர்: அவருடைய ஆட்டங்களில் மிகச் சிறந்தது எது?

பலரும் 1967 ஹெடிங்லியைச் சொல்வார்கள்: முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கி, உடனே மீண்டும் ஆட (பாலோ ஆன்) நேர்ந்த பின் அவர் அடித்த 148, இந்தியாவை 510 வரை கொண்டு சென்றது. என் தேர்வு அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய மெல்போர்ன் டெஸ்ட். தொடைத்தசைக் காயத்தால் முந்தைய டெஸ்டை ஆடாதவர், ஓட ஆள் வைத்துக்கொண்டு, நொண்டியபடியே இறங்கினார். ஆஸ்திரேலியாவின் மெக்கன்சி 7 விக்கெட் எடுத்த முதல் இன்னிங்ஸில் இந்தியாவின் 173 ரன்களில் 75 அவருடையவை, இரண்டாவதில் 85. முன்காலை நீட்டி ஆட முடியாதவர் பின்காலில் நின்று வெட்டியும் இழுத்தும் எடுத்த ரன்கள் அவை. சதம் இல்லை, வெற்றியும் இல்லை. இருந்தாலும் அதையே சொல்வேன்.

சென்னை வாசகர்: எங்கள் ஊரில் எப்படி ஆடினார்?

முதல் சதமே இங்குதான். 1962 ஜனவரியில் கார்ப்பரேஷன் மைதானத்தில் 103 எடுத்தார். இந்தியா அந்த டெஸ்டை வென்று இங்கிலாந்துக்கு எதிராக முதன்முறையாகத் தொடரையும் வென்றது. 1964இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 128. 1975இல் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விஸ்வநாத் 97 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்ற புகழ்பெற்ற வெற்றியிலும் தலைவர் அவரே. 0-2 என்று பின்தங்கிய தொடரை கொல்கத்தாவிலும் இங்கும் வென்று சமன்செய்தார்கள். அடுத்து பம்பாயில் தோற்றதே அவருடைய கடைசி டெஸ்ட்.

நாகர்கோவில் வாசகர்: 1971இல் தலைமையை இழந்தது ஏன்?

தேர்வாளர் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிய, குழுத்தலைவர் விஜய் மெர்ச்சன்ட் தம் தீர்மான வாக்கை வாடேகருக்கு அளித்தார். 1946இல் மெர்ச்சன்ட்டுக்குக் கிடைக்காத தலைமை பட்டோடியின் தந்தைக்குக் கிடைத்ததே காரணம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இளைஞர்களை வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்ற எண்ணமே போதுமான காரணம். அதே ஆண்டு மன்னர் பட்டங்களும் மானியங்களும் ஒழிக்கப்பட்டதால், பிறகு அணிக்குத் திரும்பியபோது ஆட்டப் பட்டியலில் அவர் பெயர் மன்சூர் அலி கான் என்றே இருந்தது.

ஈரோடு வாசகர்: பட்டோடி கோப்பை இப்போது இல்லையா?

இங்கிலாந்தில் நடக்கும் இந்தியா-இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கு 2007 முதல் அந்தப் பெயர் இருந்தது. 2025இல் அது ஆண்டர்சன்-டெண்டுல்கர் கோப்பையாக மாறியது; வெல்லும் அணியின் தலைவருக்குப் பட்டோடி பெயரில் பதக்கம் அளிப்பது என்று முடிவாயிற்று. இரு நாடுகளுக்கும் டெஸ்ட் ஆடிய தந்தையையும் நினைவூட்டிய பெயரை எடுத்தது எனக்கு உவப்பாயில்லை. ஆனால் பதக்கத்தைத் தலைவருக்கென்றே ஒதுக்கியவர்கள், அவரைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.