கித்தாவா, காமியா: எல்லாவற்றையும் பிழை என்று எண்ணாதீர்கள்

வணக்கம். சுரபாயா மாணவர்கள் ஆங்கில 'வீ'யை இந்தோனேசியத்துக்குக் கொண்டுவரும்போது 'காமி' வரவேண்டிய இடத்தில் 'கித்தா' போடுகிறார்கள், இதைப் பிழைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். கித்தா என்றால் நம்முடைய 'நாம்', காமி என்றால் 'நாங்கள்', இலக்கணப்படி அவ்வளவுதான். ஆனால் ஜகார்த்தா பேச்சில் கேட்பவரைச் சேர்க்காத இடத்திலும் கித்தா சகஜமாக வரும், அதனால் அவர்கள் மொழிபெயர்த்தது பட வசனமா, அலுவலகக் கடிதமா என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

முறையான எழுத்தில் வேறுபாடு கறாராக நிற்கும். 1945 ஆகஸ்ட் 17 சுதந்திரப் பிரகடனம் 'காமி பங்சா இந்தோனேசியா' என்றுதான் தொடங்குகிறது. உலகத்தைப் பார்த்து 'இந்தோனேசிய மக்களாகிய நாங்கள்' என்று சொல்கிறார்கள். அங்கே கித்தா வந்திருந்தால் பேச்சு தங்களுக்குள்ளேயே நின்றிருக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'வீ'.

அப்புறம் ஒன்று, தனி வாக்கியம் கொடுத்துச் சோதிக்காதீர்கள். 'வீ ஆர் லீவிங் டுமாரோ' என்று மட்டும் கொடுத்தால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்றே தெரியாது, எந்த விடையையும் தவறு என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் நான்கு வரி உரையாடல் சேர்த்துக் கொடுங்கள், பிறகு ஏன் அந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.