கழிவுநீர் கேள்வி பதில்: செப்டிக் டேங்க், பாலாறு, பவுடர்

காட்பாடி: செப்டிக் டேங்க் கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் நிரம்பவே இல்லை சார். நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. ஒழுங்கான தொட்டி சீக்கிரமே நிரம்பிவிடும். பிறகு உள்ளே வருகிற அளவு வெளியே போகும். நிரம்பவில்லை என்றால் அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருக்கிறார்கள், இல்லையேல் விரிசல். உங்கள் போர் தண்ணீரைக் கிருமிச் சோதனைக்குக் கொடுங்கள். கசடை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள்.

குடியாத்தம்: பாக்டீரியா பவுடர் போட்டால் லாரியே வேண்டாமாமே?

பதில்: வேண்டும். மலத்திலேயே தேவையான பாக்டீரியா இருக்கிறது. மணலையும் முடியையும் எந்தப் பவுடரும் கரைக்காது. ஆசிட் ஊற்றுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வேலூர்: அண்ணா, கல்பாக்கம் பக்கம் கடலோரத்தில் மாமனார் வீடு கட்டுகிறார். மூன்றடி தோண்டினால் தண்ணீர். கக்கூஸ் குழிக்குச் சிமென்ட் வளைய உறை இறக்கலாமா?

பதில்: கூடாது தம்பி. உறைக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே காற்றோட்டமுள்ள காய்ந்த மண் இருந்தால்தான் கிருமிகள் அங்கே வடிபட்டுச் சாகும். உங்களுக்கு அந்த மண்ணே இல்லை. கடற்கரை மணலில் நீர் வேறு வேகமாக ஓடும். பக்கத்து வீட்டு அடிபம்புக்குப் போய்ச் சேர நாளாகாது. அடியும் பக்கமும் கசியாத தொட்டியாக, முடிந்தவரை தரைக்கு மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். வெளிவரும் நீரை மணல் கொட்டி உயர்த்திய மேட்டில் விடலாம். நாலைந்து வீடுகள் சேர்ந்தால் ஜல்லியில் கல்வாழை நட்ட பொதுப் படுகை இன்னும் நல்லது. குடிநீர்க் கிணறு 18 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலித் தொட்டி மிதந்து மேலே எழும்பும், குழாய் இணைப்பெல்லாம் உடையும். அந்தப் பக்கம் வயலூரில்தான் நம் பாலாறு கடலில் சேர்கிறது என்பது கூடுதல் செய்தி.

ஆம்பூர்: போர் தண்ணீர் ஒரே உப்பு. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

பதில்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும், நீர் வற்றுவதால் இன்னும் கரிக்கும். உங்கள் பக்கத்து உப்புக்கு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, ஒரு காரணம். தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் அங்கே வருகிறது. ஊறவைக்கும்போது அவ்வளவும் தண்ணீரில் இறங்கும். தோல் பதனிடப் போடும் குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்கலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது, ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்க வேண்டும். ஆவியாக்கினாலும் உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும்.

வாணியம்பாடி: ஆக டேனரியை மூடச் சொல்கிறீர்கள். எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது தெரியுமா?

பதில்: மூடச் சொன்ன வரியைக் காட்டுங்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் வேலூர் வழக்கில்தான். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வாணியம்பாடி: கோர்ட்டு சொல்லும் சார். பொது சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள், தூக்கத்திலேயே. வயிற்றுப்பாட்டைப் பேசும்போது அவர்களும் கூலிக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து! நிலையம் கட்டியதோடு வேலை முடிந்திருந்தால் அதற்கு அவசியம் என்ன?

ஆற்காடு: பவுடரில் எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: மேலே குடியாத்தம்.

பேரணாம்பட்டு: பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

பதில்: எண்ணெய், பருக்கையை வடிகட்டிவிட்டு விடுங்கள். கீரைக்கு வேண்டாம்.

திருப்பத்தூர்: அந்தப் பவுடர்...

பதில்: இல்லை.

சத்துவாச்சாரி: லாரிக்காரர் கேட்கும் தொகை அதிகம். தெரிந்த ஒருவர் தானே இறங்கி அள்ளித் தருகிறேன் என்கிறார்.

பதில்: மனிதக் கழிவை மனிதரை வைத்து அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அவரை இறக்கும் நீங்கள்தான் குற்றவாளி. அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் தொட்டியின் விஷவாயு போய்விட்டதாக நினைக்காதீர்கள்; மூக்கு மரத்துப் போயிருக்கும். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார். பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்து எடுப்பதாகப் பேசிப் பாருங்கள், லாரி வாடகை குறையும்.