முதலில் நாட்டைக் குறையுங்கள், அப்புறம் பெட்டி

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான், வயது 61, கும்பகோணம் பக்கம். ஜனவரியில் நானும் கணவரும் முதல்முறையாக வெளிநாடு போகிறோம். பத்து நாளில் தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் மூன்றையும் பார்க்கத் திட்டம். அங்கோர்வாட் என் சிறுவயது ஆசை. அவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இருவரும் சைவம் என்பதால் ரைஸ் குக்கர், அரிசி, பொடிகள் என்று பெட்டிகள் இப்போதே 40 கிலோ. அங்குள்ள பிள்ளைகளுக்குப் பேனா, மிட்டாய் வேறு வாங்கி வைத்திருக்கிறேன். மகன் பயமுறுத்துகிறான். எப்படித் தயாராவது?

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் கனமாக இருப்பது பெட்டி இல்லை, திட்டம்தான். பத்து நாளில் மூன்று நாடு என்றால் ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு நாள் போய்விடும். பெட்டி கட்டுவது, விமான நிலையத்தில் காத்திருப்பது, வரிசையில் நிற்பது, திரும்ப ஹோட்டல் தேடுவது. கம்போடியாவில் அங்கோர்வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சியம் ரீப் ஊருக்கான புது விமான நிலையமே ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். சிறுவயது ஆசை அங்கோர் என்கிறீர்கள், அப்படியானால் சியம் ரீப்பில் ஐந்து நாள் ஒரே அறையில் தங்குங்கள். மீதி நாளுக்கு வேண்டுமானால் வியட்நாம். தாய்லாந்து எங்கும் ஓடிவிடாது.

அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. மூன்று நாளையே வாங்குங்கள், தொடர்ந்து போக வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போனால் போதும். ஒரு நாள் சுற்றி, மறுநாள் கால் நீட்டிப் படுக்கலாம். ஜனவரி நல்ல மாதம், மழை இருக்காது, வெயிலும் ஏப்ரல் மாதிரி கொல்லாது.

இப்போது பெட்டி. அரிசியை இறக்கி வையுங்கள். மூன்று வேளையும் சோறு தின்கிற நாட்டுக்கு இங்கிருந்து அரிசி சுமப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதை. குக்கரும் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொஞ்சம் போதும், ஆனால் புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், அது பெரிய பெட்டிக்குள் போகட்டும். அங்கே வெறும் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விடுவார்கள். 'மீன் சாறு, இறால் விழுது, முட்டை வேண்டாம்' என்று அந்த ஊர்க் கெமர் மொழியில் ஹோட்டல்காரரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சியம் ரீப்பில் இந்திய உணவகங்களும் உண்டு, பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

இன்சுலின் மட்டும் கைப்பையை விட்டு இறங்கவே கூடாது. பெட்டி வைக்கும் அடித்தளத்துக் குளிரில் உறைந்தால் அந்த மருந்து வீண். மருத்துவர் சீட்டு, மருந்தின் அசல் அட்டை, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகவே. ஒருமுறை என் பெட்டி என்னோடு வராமல் மூன்று நாள் கழித்து வந்தது, என் பிரஷர் மாத்திரை முழுக்க அதற்குள். அதற்கப்புறம் மாத்திரையைப் பெட்டியில் போடுகிற வேலையே இல்லை. பவர் பேங்கும் கைப்பையில்தான்.

விசாவுக்குக் கூகுளில் முதலில் வருகிற தளத்தை நம்பாதீர்கள், அரசுத் தளம் போலவே வேஷம் போட்டு இரண்டு மடங்கு வாங்குகிற தளங்கள் ஏராளம். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குமேல் செல்ல வேண்டும். கம்போடியாவிலிருந்து மறுபடி வியட்நாமுக்குள் நுழைவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா எடுக்க வேண்டும். இதில் கோட்டை விட்டு எல்லையில் நிற்பவர்கள் அதிகம். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காதீர்கள். டாலர் சின்னச் சின்ன நோட்டாக, புதிதாக இருக்கட்டும், ஓரம் கிழிந்ததை அங்கே வாங்க மாட்டார்கள்.

மகன் பயப்படுவதில் ஒன்று நியாயம். போர்க் காலத்துக் கண்ணிவெடிகள் கம்போடியக் கிராமப்புறத்தில் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. பெரிய கோயில்களில் கவலை இல்லை, ஆனால் தூரத்துக் காட்டுக் கோயில்களில் நடைபாதையை விட்டு ஒதுங்காதீர்கள், எந்த அவசரத்துக்கும்.

பேனா, மிட்டாய் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள், வேண்டாம். கோயில் வாசலில் கையேந்தினால் காசு வருகிறது என்று தெரிந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, இது உங்களுக்குத் தெரியாததா? அனாதை இல்லத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். அங்கே பல இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். அந்தக் காசில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை நாள் முழுக்க அமர்த்திக்கொள்ளுங்கள்.

அங்கோர்வாட்டில் சூரிய உதயம் பார்க்கிற கூட்டம் முடிந்ததும் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். நீங்கள் அப்போது உள்ளே போங்கள். சுற்றுச் சுவரெல்லாம் புடைப்புச் சிற்பம்: மேற்குச் சுற்றில் குருக்ஷேத்திரம், அதன் மறுபாதியில் இராமாயணத்து இலங்கைப் போர், கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடைவது, ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு. உச்சி மாடத்துக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சேலைக்கும் வேட்டிக்கும் பிரச்சினையே இல்லை. படி ரொம்பச் செங்குத்து, அவர் கீழேயே உட்காரட்டும்.

இன்னொரு நாள் காலையில் பந்தே ஸ்ரே. 967இல் எழுப்பிய சின்னச் சிவன் கோயில், இளஞ்சிவப்புக் கல். அதன் கிழக்கு வாசல் முகப்பில் ஆடுகிற சிவனுக்குக் கீழே, ஓரமாக, எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து போகிற நீங்கள் வழிகாட்டி காட்டுகிறாரா என்று காத்திருக்காமல் நீங்களே தேடிப் பிடியுங்கள்.