உங்கள் 17 எந்த நாட்டு 17?

கேள்வி: ஆன்லைனில் ஒரு மோதிரம் பார்த்து வைத்திருக்கிறேன். நான் போட்டிருக்கும் மோதிரத்தின் அளவு 17 என்று பில்லில் இருக்கிறது. ஆனால் இந்தத் தளத்தில் 5, 6, 7 என்று போகிறது. இன்னொரு தளத்தில் ஆங்கில எழுத்துகள். எதை ஆர்டர் செய்வது?

பதில்: அந்த 17 எந்த நாட்டுக் கணக்கு என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ஜெர்மன் அளவு என்றால், மோதிரத்தின் உள்விட்டம் 17 மி.மீ. இத்தாலியில் உள்சுற்றளவிலிருந்து 40-ஐக் கழித்து எண் போடுவார்கள். அங்கே 17 என்றால் சுற்றளவு 57 மி.மீ., விட்டம் சுமார் 18.1. ஜப்பானிய 17-இன் விட்டம் 18.3 வரும். ஜெர்மன் 17 கச்சிதமாக இருக்கும் விரலில் மற்ற இரண்டும் லொடலொடவென்று ஆடும்.

அதனால் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மோதிரம் கையிலேயே இருக்கிறது, நல்லது. புது மோதிரமும் அதே விரலுக்குத்தானே? அப்படியானால் அதைக் கழற்றி, உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்பு வரை சரியாக நடுவில் அளந்து பாருங்கள். வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் ரொம்ப நல்லது. வருகிற விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு.

உதாரணமாக 17.3 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 54.3. அமெரிக்க அளவில் இது 7. ஐஎஸ்ஓ 8653 என்ற சர்வதேசத் தரத்தில் சுற்றளவுதான் அளவு, எனவே 54. இத்தாலியில் 14, ஜப்பானிலும் 14. பிரிட்டனில் எழுத்துக்கு எழுத்து சுற்றளவு 1.25 மி.மீ. கூடும், இந்த மோதிரம் ‘என்’னுக்கும் ‘ஓ’வுக்கும் நடுவே, ‘என் அரை’ என்ற அளவில் வரும். அமெரிக்காவில் ஒரு முழு அளவுக்கு விட்டம் 0.8 மி.மீ. கூடுகிறது. அரை அளவு என்பது வெறும் 0.4 மி.மீ.தான்.

விரலில் நூல் சுற்றி அளப்பதை நான் பரிந்துரைப்பதே இல்லை. நூல் இழுபடும். சுற்றளவில் 1 மி.மீ. பிசகினாலே கிட்டத்தட்ட அரை அளவு மாறிப்போகும். கடைகள் தரும் அளவு அட்டையை அச்சிடுவதாக இருந்தால், பிரிண்டரில் 100 சதவீதம் என்று வையுங்கள். அட்டையில் இருக்கும் அளவுகோலின் மேல் ஒரு ஏடிஎம் கார்டை வைத்துப் பாருங்கள். அதன் நீளம் 85.6 மி.மீ. காட்ட வேண்டும். இல்லையென்றால் அச்சு சுருங்கியோ பெரிதாகியோ இருக்கிறது, அதை நம்ப வேண்டாம்.

விரலும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. குளிரில் மெலியும், வெயிலில் உப்பும். இப்போது போட்டிருக்கும் மோதிரம் சாயங்காலம் இறுக்குகிறதா என்று கவனியுங்கள். மூட்டு பருத்த விரலானால், மோதிரம் மூட்டைத் தாண்ட வேண்டும் என்பதே முக்கியம். அப்புறம், பட்டை 6 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் அரை அளவு கூட்டிக் கேளுங்கள். அகலப் பட்டை இறுக்கிப் பிடிக்கும்.

சுற்றிலும் கல் பதித்தது, டங்ஸ்டன் மோதிரம் போன்றவற்றைப் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ பெரும்பாலும் முடியாது. அப்படிப்பட்டதை வாங்குகிறீர்கள் என்றால், உள்விட்டம் எத்தனை மி.மீ. என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அளவு சேராவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.