சந்தை இருந்தாலே முதலாளித்துவம் ஆகிவிடாது

"முதலாளித்துவம் என்றால் சந்தை, சோசலிசம் என்றால் அரசு" என்று கட்டுரையில் எழுதியதாகவும், "சீனாவில் சந்தையும் இருக்கிறது, அரசும் இருக்கிறதே, அது எது?" என்று கேட்டுத் தோழி மடக்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அவர் கேட்டது சரியான கேள்விதான். சந்தை பல ஆயிரம் ஆண்டுப் பழசு. அதை வைத்து வரையறுத்தால் இடறத்தான் செய்யும்.

சொந்த அடுப்பில் ரொட்டி சுட்டு விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கல் விற்றல் இருக்கிறது, லாபமும் இருக்கிறது, முதலாளித்துவம் இல்லை. அடுப்பு ஒருவருடையது, சுடுவது கூலிக்கு வந்த பத்துப் பேர், மிஞ்சியதை மறுபடி முதலாகப் போட்டுப் பெருக்காவிட்டால் போட்டியாளர் விழுங்கிவிடுவார் என்ற நிலை வந்தால்தான் அது முதலாளித்துவம். இந்தக் கடைசி நெருக்கடியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுவே மையமாகப் படுகிறது.

சீனாவில் பெரிய வங்கிகள் அரசிடம். ஆனால் 1978இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் வளர்ந்த தனியார் நிறுவனங்களில் கோடிக்கணக்கானோர் கூலிக்கு உழைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்த கலவை என்றே எழுதுங்கள், தயங்க வேண்டாம். மறுபக்கம் ஸ்பெயினில் 1956இல் தொடங்கிய மொன்ட்ராகன் கூட்டுறவு. சந்தையில்தான் விற்கிறது, ஆனால் உறுப்பினரான தொழிலாளர்களே உரிமையாளர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு.

அப்புறம், "மக்கள் சேமிப்பைத்தான் வங்கி கடனாகத் தருகிறது" என்ற வரியையும் மாற்றிவிடுங்கள். கடன் கொடுக்கும்போதே வாங்குபவர் கணக்கில் புதிய வைப்புத்தொகை உருவாகிறது என்று பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2014இல் விளக்கியது. அந்தப் புதுப் பணம் யாருக்கு, எந்த வேலைக்குப் போகிறது, அதை யார் தீர்மானிப்பது? கட்டுரையின் இரண்டாம் பாதியை இங்கிருந்து தொடங்குங்கள்.