எண்டோஸ்கோபி நார்மல்தான், ஆனால் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. ஒன்றரை வருடமாக ஹீமோகுளோபின் 7க்கும் 9க்கும் நடுவிலேயே நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். இரண்டு எண்டோஸ்கோபி, ஒரு கொலனோஸ்கோபி எடுத்தார்கள். லேசான மூலம் தவிர எல்லாம் நார்மல் என்றார்கள். போன மாதம் தார் மாதிரி கறுப்பாக மலம் போய், மயங்கி விழுந்துவிட்டார். சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் மேல்பகுதியில் 6 செ.மீ. கட்டி தெரிகிறது. 'ஜிஸ்ட் கட்டியாக இருக்கும், நேராக ஆபரேஷன் செய்துவிடலாம்' என்கிறார்கள். பயாப்ஸிகூட எடுக்காமல் வயிற்றைத் திறப்பது சரியா? இது புற்றுநோயா? இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது?

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த களைப்பு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பயாப்ஸி விஷயம்தான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன், அதிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவின் நிலையில் ஊசி குத்திப் பார்க்காமல் நேராக ஆபரேஷனுக்குப் போவது சரியான முடிவு. உங்கள் டாக்டர்கள் அவசரப்படவில்லை.

ஜிஸ்ட் என்பது உணவுப்பாதையின் சுவரில் வரும் அரிய வகைக் கட்டி. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வருகிறது. பாதிக்கு மேல் இரைப்பையில் வரும், சிறுகுடலில் வருவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. குடல் தானாக அசைந்து உணவைத் தள்ளுகிறதே, அந்த அசைவுக்குத் தாளம் கொடுக்கும் செல்கள் சுவரின் தசைக்குள் இருக்கின்றன. காஹல் செல்கள் என்று பெயர். அந்த வகைச் செல்லிலிருந்துதான் இந்தக் கட்டி கிளம்புகிறது.

கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கும். உள்ளே இருப்பது மிருதுவான, எளிதில் நொறுங்கிப் போகிற, ரத்த ஓட்டம் மிகுந்த சதை. அளவு பெரிதானால் நடுப்பகுதி கரைந்து குழம்பாகக்கூட இருக்கும். வயிற்றுக்கு வெளியிலிருந்து ஊசியை விட்டால் அந்த உறை கிழியலாம், ரத்தம் கசியலாம், செல்கள் வயிற்றறைக்குள் சிந்தலாம். ஜிஸ்ட் ஒரு முறை வயிற்றுக்குள் உடைந்துவிட்டால் பிறகு திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். ஸ்கேனில் ஜிஸ்ட் மாதிரியே தெரிகிறது, ரத்தம் கசிகிறது, முழுதாக எடுத்துவிட முடியும் என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்போது பயாப்ஸியில் என்ன வந்தாலும் கட்டியை எடுக்கத்தான் போகிறோம். அப்படியிருக்க, உறையை எதற்குக் குத்த வேண்டும்? எடுத்த கட்டி மொத்தமும் பரிசோதனைக்குப் போகும், அதுதான் முழுமையான பயாப்ஸி.

பயாப்ஸி கட்டாயம் தேவைப்படும் நிலைமைகளும் உண்டு. லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கு முக்கிய சிகிச்சை மருந்துதான். கட்டி மிகப் பெரிதாகவோ, கணையத்தை ஒட்டியோ, மலக்குடலிலோ இருந்து, முதலில் மாத்திரையால் சுருக்கிவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தாலும் வேண்டும். கல்லீரலுக்குப் பரவியிருந்தாலும் வேண்டும். அப்போதும் முடிந்தவரை எண்டோஸ்கோபியோடு சேர்ந்த அல்ட்ராசவுண்ட் வழியாக, உள்ளிருந்தே ஊசி போட்டு எடுப்பார்கள். உங்கள் அம்மாவின் கட்டி இருக்கும் இடத்துக்கு அந்தக் கருவி எட்டாது.

இத்தனை நாள் எப்படித் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபி இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல், அதாவது சிறுகுடலின் தொடக்கத் துண்டு வரைதான் போகும். அம்மாவின் கட்டி அதற்கும் கீழே இருக்கிறது. கீழிருந்து போகும் கொலனோஸ்கோபி பெருங்குடலைப் பார்த்துவிட்டு, சிறுகுடலின் கடைசி சில சென்டிமீட்டரை எட்டிப் பார்க்கும். நடுவில் ஐந்தாறு மீட்டர் குடலை இரண்டுமே பார்ப்பதில்லை. 'நார்மல்' என்று எழுதியிருப்பது கருவி போன இடத்துக்கு மட்டும்தான்.

கசிவு எவ்வளவு சின்னதாக இருந்தாலே போதும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணமாக உணவிலிருந்து நம் உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம். தினமும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போகிறது. வரவைவிடச் செலவு அதிகம். மலத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் மாதக்கணக்கில் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே இருக்கும். மாத்திரை அந்த ஓட்டையை அடைக்காமல் மேலிருந்து ஊற்றுகிற மாதிரி. மலம் தார் மாதிரி கறுக்க ஒரே நேரத்தில் 50 முதல் 100 மில்லி ரத்தமாவது குடலில் இறங்க வேண்டும். போன மாதம் நடந்தது அதுதான்.

எனக்கு மனதில் உறுத்துவது அந்த 'லேசான மூலம்' என்ற வரி. சோகைக்கு ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூலத்தில் வரும் ரத்தம் சிவப்பாக, கண்ணுக்கு முன்னால் போகும். ரத்தமே பார்க்காதவருக்கு ஒன்றரை வருடச் சோகை மூலத்தால் வந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலும் கீழும் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வி சிறுகுடலைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். விழுங்கும் கேப்சூல் எண்டோஸ்கோபி 2001லிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. பெரிய மாத்திரை அளவில் ஒரு கேமரா, எட்டு மணி நேரம் போல படம் எடுத்துக்கொண்டே குடல் வழியாகப் போகும். ஆனால் அதுவும் தவறவிடலாம். ஜிஸ்ட் பெரும்பாலும் குடலுக்கு வெளிப்பக்கமாக வளரும், உள்தோல் வழவழப்பாகவே இருக்கும், ஒரு ஓரத்தில் சின்னப் புண் மட்டும் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். குடலில் அடைப்பு இருந்தால் கேப்சூல் சிக்கிக்கொள்ளவும் கூடும். உங்களுக்கு சி.டி.யில் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் இனி கேப்சூல் தேவையில்லை.

சரி, ஆபரேஷனில் என்ன நடக்கும்? முதலில் கல்லீரலையும் வயிற்றறையின் உள்சவ்வையும் பார்ப்பார்கள், பரவினால் இந்தக் கட்டி போகும் இடங்கள் அவைதான். பிறகு சிறுகுடலை அதன் தொடக்கத்திலிருந்து பெருங்குடலில் சேரும் இடம் வரை கைமாற்றிக் கைமாற்றி, அங்குலம் அங்குலமாக விரல்களுக்கு நடுவே தடவிக்கொண்டே வருவோம். ஸ்கேனில் வராத இரண்டாவது கட்டி விரலுக்குத் தட்டுப்படலாம். கட்டி இருக்கும் இடம் வந்ததும் நான் என் உதவியாளர்களிடம் சொல்வது ஒன்றுதான்: கட்டியைப் பிடிக்காதே, குடலைப் பிடி. இடுக்கியின் பல் பட்டால்கூட உறை கிழிந்துவிடும். இரண்டு பக்கமும் கொஞ்சம் நல்ல குடலோடு சேர்த்து வெட்டி எடுத்து, முனைகளை இணைத்துவிடுவார்கள். எடுத்த குடலை வெட்டித் திறந்து பார்த்தால், எலுமிச்சை அளவுக் கட்டியின் உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு பள்ளம் இருக்கும், அடியில் ஒரு ரத்தக்குழாயின் முனை. ஒன்றரை வருடத்துத் தொல்லைக்கு அவ்வளவு சின்ன வாசல்.

ஜிஸ்ட் பொதுவாக நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாது. அதனால் அவற்றை வாரி எடுக்க வேண்டியதில்லை. ஆபரேஷனின்போது வேறு மாதிரி தெரிந்தால், உதாரணமாகக் குடலைத் தாங்கும் சவ்வு சுருங்கி இறுகி நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வரும் கட்டி) போலத் தோன்றினால், நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து எடுப்பார்கள். குடல்தோலில் வரும் வழக்கமான புற்றுநோய் என்றாலும் அப்படித்தான். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி செய்யலாமா என்பது அனுபவத்தையும் இடத்தையும் பொறுத்தது. செய்தாலும் கட்டியைப் பைக்குள் போட்டு, உடையாமல் முழுதாகவே வெளியே எடுக்க வேண்டும். சின்னத் தழும்புக்காக அவசரப்படாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பின் நாங்கள் அதிகம் கவனிப்பது இணைத்த இடம் கசிகிறதா என்பதை. முதல் வாரத்தில் காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், வயிற்று வலி கூடுவது இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். குடல் அசைவு திரும்ப மூன்று நான்கு நாள் ஆகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஓரிரு சாண் சிறுகுடல் போனால் செரிமானத்துக்கு ஒன்றும் ஆகாது. இரும்புச்சத்தை முக்கியமாக உறிஞ்சுவது முன்சிறுகுடல், அது அப்படியே இருக்கும்.

இனி, புற்றுநோயா என்ற கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் இல்லை. எல்லா ஜிஸ்ட் கட்டிக்கும் திரும்ப வரும் ஆபத்து கொஞ்சமாவது இருக்கிறது, சிலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் அதிகம். அதைத் தீர்மானிப்பவை நான்கு: கட்டியின் அளவு, இருந்த இடம், உடைந்ததா இல்லையா, மைக்ரோஸ்கோப்பில் ஒரு குறிப்பிட்ட பரப்பில் எத்தனை செல்கள் பிளந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்பது. இடம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 5 முதல் 10 செ.மீ. கட்டி, செல் பிளவு 5க்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மருந்து வராத காலத்து நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், கட்டி இரைப்பையில் இருந்தவர்களில் 100க்கு 4 பேர் அளவில்தான் நோய் திரும்பியது அல்லது பரவியது. சிறுகுடலில் இருந்தவர்களில் 24 பேர். பிளவு 5ஐத் தாண்டினால் ஆபத்து இன்னும் பல மடங்கு. அதனால் ரிப்போர்ட் வரும்போது 'ஜிஸ்ட்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல் செல் பிளவு எண்ணிக்கை என்ன என்று கேளுங்கள்.

ஆபத்து அதிகம் என்று வந்தால் இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 'கிட்' என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் என்று 1998ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோளாறான புரதத்தின் வேலையை நிறுத்துவதுதான் இந்த மாத்திரை. வழக்கமான கீமோதெரபி ஜிஸ்டில் கிட்டத்தட்டப் பலனே தருவதில்லை. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு தினம் 400 மில்லிகிராம், மூன்று வருடம். கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு வரலாம், பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் எல்லா மரபணு மாற்றத்துக்கும் இது கேட்காது. மாத்திரை தொடங்கும் முன் கட்டியில் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள். பலன் தராத மாத்திரையை மூன்று வருடம் சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல். மாத்திரை நிறுத்திய பிறகும் சி.டி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதன்பின் வரும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் திரும்ப வருவது அதிகம்.

ஆபரேஷன் தேதி வரும் வரை கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. மூட்டுவலி, தலைவலி என்று வலி மாத்திரைகளைத் தானாக எடுக்க வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாமா என்று கேளுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அது உருவாக, மங்கிய கருமையாக இருக்கும். ரத்தம் கலந்தது பளபளப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது, ஒரு தனி நாற்றம் வரும். அப்படிப் பார்த்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, திடீரென்று வயிறு முழுக்க வலித்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்த வங்கியும் இரவிலும் ஆபரேஷன் செய்யும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், சி.டி. படங்களைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.